நம் தாமான் கழிவுநீர் எங்கே போகிறது?

காலையில் பல் துலக்குகிறோம், குளிக்கிறோம், கழிப்பறையில் தண்ணீர் விடுகிறோம். அம்மா பாத்திரம் கழுவுகிறார், சலவை இயந்திரம் ஓடுகிறது. இப்படி ஒருவர் ஒரு நாளில் வெளியேற்றும் கழிவுநீர் எவ்வளவு இருக்கும்? மலேசியாவில் கழிவுநீர் நிலையங்களை வடிவமைக்கும் பொறியாளர்கள் ஆளுக்கு 225 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஒன்றரை லிட்டர் போத்தலில் அளந்தால் 150 போத்தல்கள். ஒரு வீட்டுக்கு ஐந்து பேர் என்பது அவர்களின் பொதுக் கணக்கு. அப்படியானால் உங்கள் வீட்டிலிருந்து மட்டும் நாளுக்கு 1,125 லிட்டர் வெளியேறுகிறது.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? "ஆற்றுக்கு" என்று சொன்னால் அது பாதி சரி. ஆற்றுக்குப் போகும் முன் அது ஓரிடத்தில் நின்று சுத்தமாகிப் போக வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் உங்கள் தாமானின் ஓரத்தில், வேலிக்குப் பின்னால் இருக்கும். மோட்டார் சத்தம் கேட்கும், சில நாள் லேசான வாடையும் வரும். வாசலில் "லோஜி ராவாத்தான் கும்பாஹான்" என்று மலாய்மொழியில் எழுதியிருக்கும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்பது அதன் பொருள். இத்தகைய பொது நிலையங்கள் நாட்டில் 7,000-க்கும் மேல் உள்ளன. அவற்றை இணைக்கும் குழாய்களின் நீளம் சுமார் 20,000 கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவின் பெரும்பகுதியில் இவற்றை நடத்துவது இண்டா வாட்டர் நிறுவனம்.

ஏன் இத்தனை நிலையங்கள்? அவை என்ன செய்கின்றன? ஒன்று சரியாக ஓடாவிட்டால் யாருக்கு என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

500 வீடுகளின் கணக்கு

கழிவுநீரில் 99 விழுக்காட்டுக்கும் மேல் வெறும் தண்ணீர்தான். மீதமுள்ள சிறு பகுதியில்தான் பிரச்சினை இருக்கிறது. அதில் மலம், சிறுநீர், உணவுத் துணுக்கு, எண்ணெய், சோப்பு, நோய்க்கிருமிகள் எல்லாம் கலந்திருக்கும்.

இந்தக் கழிவை ஆற்றில் அப்படியே விட்டால் பாக்டீரியாக்கள் அதைத் தின்று பெருகும். தின்னும்போது நம்மைப் போலவே அவையும் உயிர்வளியை, அதாவது ஆக்சிஜனை, எடுத்துக்கொள்ளும். எடுப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்வளியை. மீன் மூச்சு விடுவதும் அதே உயிர்வளியை நம்பித்தான். ஆகவே, ஒரு கழிவுநீர் எவ்வளவு மோசமானது என்பதை, அதிலுள்ள அழுக்கைத் தின்ன பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு உயிர்வளி தேவை என்பதை வைத்து அளக்கிறார்கள். மாதிரி நீரை 20 பாகை செல்சியஸில், இருட்டில், ஐந்து நாள் மூடிவைத்து, உயிர்வளி எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். இதற்கு உயிர்வேதி உயிர்வளித் தேவை என்று பெயர். சுருக்கமாக பி.ஓ.டி.

இப்போது 500 வீடுகள் உள்ள ஒரு தாமானை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 2,500 பேர். நாள் ஒன்றுக்கு 562,500 லிட்டர், அதாவது சுமார் 562 கன மீட்டர் கழிவுநீர். வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்பது மலேசிய வடிவமைப்புக் கணக்கு. பெருக்கிப் பார்த்தால், இந்த ஒரு தாமான் நாளுக்குச் சுமார் 140 கிலோகிராம் உயிர்வளியைக் கேட்கிறது.

நம் ஊர் வெப்பநிலையில் சுத்தமான ஆற்று நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் உயிர்வளியைத்தான் கரைத்து வைத்திருக்கும். 140 கிலோகிராமை 8 மில்லிகிராமால் வகுத்தால் 17,500 கன மீட்டர் வரும். ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தின் கொள்ளளவு சுமார் 2,500 கன மீட்டர். அப்படியானால், ஒரே ஒரு தாமானின் ஒரு நாள் கழிவு, ஏழு ஒலிம்பிக் குளங்கள் அளவு ஆற்று நீரின் உயிர்வளி முழுவதையும் காலி செய்யப் போதுமானது. ஆறு காற்றிலிருந்து புதிதாக உயிர்வளியை வாங்கிக்கொண்டே இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு தாமானுக்குப் பின் இன்னொன்று என்று கரை நெடுகிலும் வீடுகள் இருந்தால் ஆற்றுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்காது.

வேலிக்குள்ளே நடப்பது

நிலையத்துக்குள் நடப்பதும் இதே வேலைதான். ஆற்றில் நடக்க வேண்டிய "தின்னும் வேலையை" ஒரு தொட்டிக்குள் நடத்தி முடிக்கிறோம். அதற்கு வேண்டிய உயிர்வளியை மின்சாரம் செலவழித்து நாமே ஊட்டுகிறோம்.

முதலில், வந்து சேரும் கழிவுநீர் கம்பி வலைகளைக் கடக்கிறது. நெகிழிப்பை, துணி, ஈரத்தாள், அணையாடை எல்லாம் இங்கே சிக்கும். அடுத்து மணலும் சிறு கற்களும் கீழே படிய விடப்படுகின்றன. எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதக்கும்போது வழித்தெடுக்கப்படுகின்றன.

பிறகு கழிவுநீர் காற்றூட்டும் தொட்டிக்குப் போகிறது. இதுதான் நிலையத்தின் இதயம். தொட்டியின் அடியிலிருந்து காற்று குமிழ் குமிழாக மேலே வரும், அல்லது பெரிய துடுப்புகள் நீரைக் கலக்கி அடிக்கும். கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்பு நிறத் திரள்களாக மிதந்தபடி கழிவைத் தின்னும். அந்தத் திரள்களைத் தின்ன அமீபா போன்ற ஓரணு உயிரிகளும் வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் அது ஒரு சின்னக் காடு.

அடுத்தது படிவுத் தொட்டி. இங்கே காற்று கிடையாது, சலனமும் கிடையாது. பாக்டீரியாத் திரள்கள் அடியில் படியும், தெளிந்த நீர் விளிம்பு வழியாக வழிந்தோடும். அடியில் படிந்த சேற்றின் ஒரு பகுதியைத் திரும்பவும் காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். வேலை பழகிய பாக்டீரியாக்களை ஏன் வீணாக்க வேண்டும்? 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்கள் இந்த உண்மையைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். படிந்த சேற்றைக் கொட்டாமல் வைத்திருந்து, அதில் புதிய கழிவுநீரை ஊற்றிக் காற்றூட்டினால், வாரக்கணக்கில் ஆகும் வேலை மணிக்கணக்கில் முடிந்தது. உலகின் பெரும்பாலான நகரங்கள் இன்றும் அவர்களின் முறையைத்தான் ஏதாவது ஒரு வடிவில் பின்பற்றுகின்றன.

மிஞ்சிய சேறு தனியாக எடுக்கப்பட்டு, நீர் நீக்கி உலர்த்தப்படும். தெளிந்த நீர் ஆற்றுக்குப் போகும். அந்த நீர் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை 2009-ஆம் ஆண்டின் கழிவுநீர் ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. ஆற்றில் கீழே குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கும் இடம் இருந்தால், மேலேயுள்ள புதிய நிலையம் 'ஏ' தரத்தை எட்ட வேண்டும். அதன்படி பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மற்ற இடங்களில் 'பி' தரம் போதும். அதன் வரம்பு 50 மில்லிகிராம். விதிகள் வருவதற்கு முன் கட்டப்பட்ட பழைய நிலையங்களுக்கு வரம்பு இதைவிடத் தளர்வானது.

நம் தாமானின் 140 கிலோகிராம், 'ஏ' தரத்தில் சுத்திகரித்த பிறகு சுமார் 11 கிலோகிராமாகக் குறைகிறது. நூற்றில் 92 பங்கு போய்விட்டது.

அம்மோனியா: கண்ணுக்குத் தெரியாத சிக்கல்

தண்ணீர் தெளிவாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது. அது தண்ணீரில் கரைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, வடிகட்டினாலும் நிற்காது. வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் அம்மோனியா நைட்ரஜன் இருக்கும் என்பது வடிவமைப்புக் கணக்கு.

அம்மோனியாவைத் தின்று அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் அவற்றிடம் இரண்டு குணங்கள் உள்ளன. ஒன்று, அதிக உயிர்வளி கேட்கும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நாலரை கிராமுக்கு மேல் உயிர்வளி வேண்டும். இரண்டு, மிக மெதுவாக வளரும். சாதாரணக் கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே இரட்டிக்கும். இவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். காற்று ஊதும் இயந்திரம் பழுதானாலோ, அடைமழையில் சேறு அடித்துச் செல்லப்பட்டாலோ, முதலில் குறைவது இந்தப் பாக்டீரியாக்கள்தான். திரும்பி வரக் கடைசி ஆளும் இவைதான். நீர் தெளிவாக வெளியே வந்துகொண்டிருக்கும், அம்மோனியாவும் அதோடு சேர்ந்து வந்துகொண்டிருக்கும்.

இது ஏன் முக்கியம்? ஆற்றின் கீழே உள்ள குடிநீர் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே கலங்கலைப் படிய வைத்து, மணலில் வடிகட்டி, இறுதியில் கிருமிகளைக் கொல்ல குளோரின் சேர்க்கிறார்கள். முதலிரண்டு படிகளும் அம்மோனியாவை நீக்காது. மூன்றாவது படியில் அம்மோனியா குளோரினோடு சேர்ந்துவிடும். கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அம்மோனியாவோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனை முழுமையாக நீக்க ஏழு, எட்டு பங்குக்குக் குறையாத குளோரின் வேண்டும்.

அதனால்தான் குடிநீருக்காக எடுக்கும் ஆற்று நீரில் அம்மோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரையறை மலேசியாவில் உள்ளது. அதைத் தாண்டினால் நிலையத்தை நிறுத்துவதைத் தவிர வழி இருக்காது. சிலாங்கூரில் லங்காட் ஆற்றில் அம்மோனியா உயர்ந்ததால் செராஸ் 11-ஆவது மைல், புக்கிட் தம்போய் குடிநீர் நிலையங்கள் மூடப்பட்ட நாட்கள் உண்டு. அம்மோனியா வருவது வீட்டுக் கழிவிலிருந்து மட்டுமல்ல. குப்பை மேடுகள், கால்நடைப் பண்ணைகள், ஆலைகள் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் வீட்டுக் கழிவு ஒரு நாள்கூட ஓய்வெடுக்காத பங்காளி.

ஒருவர் வீட்டுக் கழிப்பறைக்கும் இன்னொருவர் வீட்டுக் குடிநீர்க் குழாய்க்கும் நடுவே ஓடுவது ஒரே ஆறு. இதை மறந்துவிட்டால் இந்த நிலையங்கள் ஏன் இருக்கின்றன என்பதே புரியாமல் போகும்.

7,000 நிலையங்கள் எப்படி வந்தன?

உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பட்டணங்களில் வாளிக் கழிப்பறை இருந்த காலம் அவர்களுக்கு நினைவிருக்கலாம். வீட்டின் பின்பக்கம் ஒரு சிறு கதவு இருக்கும். துப்புரவுத் தொழிலாளி அதன் வழியாக வாளியை எடுத்துப் போய் வேறு வாளி வைப்பார். பிறகு செப்டிக் தொட்டிகள் வந்தன.

சுதந்திரத்துக்குப் பின் நகரங்கள் வேகமாக விரிந்தன. ரப்பர் தோட்டமாக இருந்த இடமெல்லாம் தாமான் ஆயிற்று. ஒவ்வொரு புதிய குடியிருப்புக்கும் நகர மையத்திலிருந்து பெரிய குழாயைக் கொண்டு வருவது செலவு அதிகம், காலமும் அதிகம். எனவே வீடு கட்டும் மேம்பாட்டாளரே அங்கு ஒரு சுத்திகரிப்பு நிலையமும் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. சில இடங்களில் இம்ஹோஃப் தொட்டி கட்டினார்கள். சில இடங்களில் குளம் வெட்டினார்கள். அங்கே வெயிலில் வளரும் பாசி உயிர்வளி தர, பாக்டீரியா கழிவைத் தின்னும். மின்சாரமே வேண்டாம், ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். நிலத்தின் விலை ஏற ஏற, காற்றூட்டும் இயந்திர நிலையங்கள் பெருகின.

இவை எல்லாம் தொடக்கத்தில் ஊராட்சி மன்றங்களின் பொறுப்பில் இருந்தன. 1993-இல் கழிவுநீர்ச் சேவைச் சட்டம் வந்தது. 1994-இல் இண்டா வாட்டர் பணியைத் தொடங்கியது. 2000-இல் அந்நிறுவனத்தை மத்திய அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளால், வெவ்வேறு முறையில் கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான நிலையங்கள் ஒரே பொறுப்பில் வந்து சேர்ந்தன.

சிறியதா, பெரியதா?

சிறு நிலையத்தில் என்ன சிரமம்? காலை ஆறு மணிக்கு தாமான் முழுவதும் ஒரே நேரத்தில் குளிக்கிறது. பகலில் ஆளே இல்லை. வடிவமைப்பு வழிகாட்டியின் சூத்திரப்படி, 2,500 பேருக்கான நிலையத்தில் உச்ச நேர ஓட்டம் சராசரியைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். பத்து லட்சம் பேருக்கான நிலையத்திலோ இரண்டு மடங்கை மட்டும் சற்றே தாண்டும். ஒரு பகுதியில் எல்லாரும் குளிக்கும்போது இன்னொரு பகுதியில் கடைகள் மூடியிருக்கும். தூரத்திலிருந்து வரும் நீர் தாமதமாக வந்து சேரும். அதனால் ஓட்டம் சமனாகிறது. பாக்டீரியாவுக்கும் நம்மைப் போல நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்தால்தான் உடம்பு தாங்கும்.

அதுமட்டுமல்ல. 7,000 நிலையங்கள் என்றால் ஆயிரக்கணக்கான மோட்டார்கள், ஆயிரக்கணக்கான மின்கட்டணங்கள், பழுது பார்க்க ஊர் ஊராகச் சுற்றும் ஊழியர்கள். சிறு நிலையத்தில் முழுநேர ஆள் வைக்க முடியாது.

ஆகவே பல சிறு நிலையங்களை மூடி, அவற்றின் கழிவுநீரை ஒரு பெரிய நிலையத்துக்குத் திருப்பும் வேலை நடக்கிறது. பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் நிலையம் 800,000 பேருக்காகக் கட்டப்பட்டது. கோலாலம்பூரின் பந்தாய் 2 நிலையம் இன்னும் பெரியது. அது சுமார் 14 லட்சம் பேரின் கழிவுநீரை, நாளுக்கு 320,000 கன மீட்டர் வரை, சுத்திகரிக்கும் திறன் கொண்டது. அதன் தொட்டிகள் நிலத்துக்கு அடியில் இருக்கின்றன. மேலே மரங்களும் நடைபாதையும் விளையாட்டுத் திடல்களும் கொண்ட பூங்கா. கீழே என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே மேலே பந்து விளையாடலாம்.

அண்டை நாடான சிங்கப்பூர் இதே வழியில் இன்னும் தூரம் போயிருக்கிறது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழமான சுரங்கம் தோண்டி, கழிவுநீரை அதன் சொந்த எடையாலேயே ஓட வைத்துள்ளது. கிம் சுவான், பிடோக், சிலேத்தார் ஆகிய பழைய நிலையங்களின் வேலையைச் சாங்கி நிலையம் ஏற்றுக்கொண்டது. சுத்திகரித்த நீரை மேலும் நுண்சவ்வுகளில் வடிகட்டி 2003 முதல் 'நியூவாட்டர்' என்ற பெயரில் மறுபடி பயன்படுத்துகிறது.

மலேசியாவும் அப்படியே செய்துவிடலாமே? அங்கேதான் கணக்கு மாறுகிறது. சிங்கப்பூர் ஒரு சிறு தீவு. மலேசியாவின் ஊர்கள் மலைகளும் தோட்டங்களும் இடையிட்டுப் பரந்து கிடக்கின்றன. கழிவுநீர்க் குழாய் சரிவாகவே போக வேண்டும். சரிவு இல்லாத இடத்தில் ஆழமாகத் தோண்டி, எக்கி மூலம் தூக்கிவிட வேண்டும். பத்துக் கிலோமீட்டர் குழாய் போடும் செலவு சில சமயம் ஒரு புதிய நிலையம் கட்டும் செலவை மிஞ்சிவிடும். நெரிசலான நகரங்களுக்குப் பெரிய நிலையம் பொருந்தும். தனித்திருக்கும் சிற்றூருக்கு, நன்றாகப் பராமரிக்கப்படும் சிறு நிலையமே பொருந்தும்.

குழாய்க்குள் வராத கழிவு

இன்னொரு பக்கமும் உண்டு. 1 மில்லியனுக்கும் அதிகமான வீடுகள் எந்த நிலையத்தோடும் இணைக்கப்படவில்லை. அவை தனித்தனி செப்டிக் தொட்டிகளை நம்பியிருக்கின்றன. தொட்டியில் திடக்கழிவு அடியில் படியும், நீர் மட்டும் வெளியேறும். படிந்த சேற்றை இரண்டாண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் என்ன ஆகும்? தொட்டி சேற்றால் நிறையும். புதிதாக வரும் கழிவு படிய இடமின்றி அப்படியே கால்வாய்க்குப் போய்விடும். கழிப்பறையில் தண்ணீர் வழக்கம்போல இறங்கும். வீட்டிலுள்ளவர்களுக்கு எதுவும் தெரியாது.

இப்படிப்பட்ட பழைய வீடுகள் பலவற்றில், சமையலறை நீரும் குளியலறை நீரும் செப்டிக் தொட்டிக்குள் கூடப் போவதில்லை. நேராக வாசல் கால்வாயில், நாம் "லோங்காங்" என்று சொல்லும் மழைநீர் வடிகாலில் விழுகின்றன. மலேசியாவில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் வெவ்வேறு. வடிகாலில் விழுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆற்றுக்குத்தான் போகும்.

நாம் செய்யக்கூடியது

எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் குளிர்ந்ததும் அது கட்டிதட்டி அடைப்பாகும். ஒரு போத்தலில் சேர்த்துவைத்தால் பழைய சமையல் எண்ணெயை வாங்குவோர் உண்டு. சோற்றுத் தட்டைக் கழுவும் முன் மீதியைக் குப்பையில் தட்டுங்கள். ஈரத்தாள், அணையாடை, பஞ்சு ஆகியவை கழிப்பறைக்குள் போகக்கூடாது. சாதாரணக் கழிப்பறைத் தாள் தண்ணீரில் பிரிந்துவிடும், ஈரத்தாள் பிரியாது. எக்கியைச் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும்.

வீட்டில் கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது. நம் வீடு கழிவுநீர்க் குழாயோடு இணைக்கப்பட்டதா, செப்டிக் தொட்டியை நம்பியதா? தொட்டி என்றால், கடைசியாக எப்போது சேறு எடுத்தார்கள்? அப்பா அம்மாவுக்கு உடனே பதில் தெரிந்தால் நல்லது. "எடுத்த ஞாபகமே இல்லையே" என்று சொன்னால், உங்கள் வீட்டுக்கு லாரி வரவேண்டிய நேரம் எப்போதோ ஆகிவிட்டது.

கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு வேலை: உங்கள் தாமானில் எத்தனை வீடுகள் என்று எண்ணி, ஐந்தால் பெருக்கி, 225-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆயிரத்தால் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். வேலிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பாக்டீரியாக்கள் ஒவ்வொரு நாளும், தீபாவளி விடுமுறையிலும்கூட, அவ்வளவு நீரைக் கையாள வேண்டும்.